ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவுல

“ரேடியோ பொய் சொல்லாது, அந்த டிரைவருதான் தூங்குமூஞ்சி”ன்னு சொல்லுது சார் அந்தம்மா! என் காதுபட! இப்பத்தான்… உங்களக் கூட்டிட்டு வர்றதுக்காகக் கீழ எறங்கி வந்தேனே, அப்போ. டீக்கடை வாசல்ல பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு, தோள்ல ஒரு பை, கையில ஒரு பை, யாரு கேக்குறாங்க யாரு போறாங்கன்னுகூடப் பாக்காம… பக்கத்துல நின்னவரும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டுறாரு. எனக்கு அப்படியே… வாங்க, உள்ள வாங்க. கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க சார், பஞ்சு வெச்ச கதவு, லேசாத் தள்ளினா மூடாது. ஆங்… அப்படித்தான்.

உக்காருங்க. அதுல இல்ல, அது என்னோடது. உங்களுக்கு இது. ஆனா ஒண்ணு, அசையக் கூடாது. அசைஞ்சா கிரீச்சுன்னு கத்தும். போன மாசம் ஒரு டாக்டர் வந்து இதே நாற்காலியில உக்காந்து இதயத்தப் பத்திப் பேசினாரு. அவரு பேசினதவிட நாற்காலி பேசினதுதான் ஜாஸ்தி. நாலு பேரு போன் பண்ணி, “டாக்டருக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?”ன்னு விசாரிச்சாங்க. வேற நாற்காலி கேட்டு நானும் எத்தனையோ தடவ எழுதிப் போட்டேன்… அத விடுங்க, அது ஒரு தனிக் கதை.

ஐயையோ, பேசாதீங்க சார். நீங்க பேசவே பேசாதீங்க. தொண்டைய மிச்சம் பிடிச்சு வைங்க. வெளிய நின்னு வாய் ஓயாமப் பேசுற ஆளுங்கதான் மைக்கப் பாத்ததும் பேந்தப் பேந்த முழிப்பாங்க. தண்ணி அதோ இருக்கு. சிந்தாமக் குடிங்க, கீழ பூரா ஒயரு.

பாட்டு ஓடிக்கிட்டிருக்கு, பயப்படாதீங்க. கதவுக்கு மேல சிவப்பு விளக்கு தெரியுதா? அது எரிஞ்சாத்தான் நாம பேசுறது ஊருக்குக் கேக்கும். எரியலைன்னா யாரவேணா திட்டலாம். நான் திட்டுவேன். இந்த ரேடியோ ஸ்டேஷன்ல எனக்குக் கிடைக்கிற ஒரே சலுகை அதுதான்.

உங்க நிகழ்ச்சி ஏழே முக்காலுக்கு மேல. ‘மக்கள் குறை, நேரடி பதில்’. பேரு வெச்சது எங்க டைரக்டர். அவரு வீட்ல இந்நேரம் குப்புறப் படுத்துத் தூங்கிட்டிருப்பாரு, அது வேற விஷயம். ஆனா நேத்தே எனக்கு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நீங்க டிப்போ மேனேஜரு. அந்த ஏழே முக்கால் பஸ்ஸு தெனமும் லேட்டுன்னு ஜனங்க மனு குடுத்திருக்காங்க. உங்க டிப்போவுல பாத்தா, பஸ்ஸு டாண்ணு நேரத்துக்குக் கெளம்பினதா டைம் கீப்பர் எழுதி வெச்சிருக்காரு. ஆக, டைம் கீப்பரும் டிரைவரும் கூட்டுக் களவாணிங்க. டிரைவர மலைக்கு அந்தாண்ட இருக்கிற டிப்போவுக்குத் தூக்கி அடிக்கிறீங்க, டைம் கீப்பர சஸ்பெண்டு பண்றீங்க. அத இன்னைக்கு நான் கேள்வி கேட்டு, நீங்க பதில் சொல்லி, ஊரே கைதட்டணும். அதானே? தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்… நாற்காலி, நாற்காலி!

ஷ்ஷ்… பாட்டு முடியுது.

“வணக்கம் நேயர்களே. இப்போது நேரம் ஏழு மணி முப்பத்தைந்து நிமிடம். இன்றைய இல்லக் குறிப்பு. வேலைக்குப் புறப்படுவோர், கண்ணாடியின் முன் நின்று தலை வாரும் நேரத்தைச் சற்றே குறைத்துக்கொண்டால் நாள் முழுவதும் பதற்றமின்றி இருக்கலாம். அடுப்பில் வைத்த பாலை இறக்கிவிட்டீர்களா என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்வது, இனிய பாடல்.”

அவ்வளவுதான், விளக்கு போச்சு… என்ன சார் வாட்சப் பாக்குறீங்க? ஸ்லோவா ஓடுதா? ஓடும் ஓடும். இந்த ஊருக்கு வர்ற எல்லாரு வாட்சும் இந்த நேரத்துல ஸ்லோவாத்தான் ஓடும். அத விடுங்க.

என் குரலக் கேட்டீங்களா? தேன்ல தோச்ச மாதிரி இருக்கில்ல? எல்லாரும் சொல்வாங்க. இந்தக் குரலத் தேடிக்கிட்டு எத்தன பேரு வருவாங்கங்கறீங்க! படி ஏறி வந்து, என்னைப் பாத்து, “அந்த அறிவிப்பாளர் பொண்ணு உள்ள இருக்காங்களாம்மா?”ன்னு கேப்பாங்க. நான்தான்னு சொன்னா மூஞ்சி அப்படியே தொங்கிடும். ஒருத்தரு, “பரவால்ல, இன்னொரு நாள் வர்றேன்”னுட்டுப் போயிட்டாரு. இன்னொரு நாள் வந்தா மட்டும் எனக்கு வயசு கொறையுமா?

விடியறதுக்கு முன்னாடி எழுந்து, இருட்டுல செருப்பத் தேடிக்கிட்டு, மாமியார் கால மிதிக்காமத் தாண்டி வர்றேன் சார். தெருவுல நாயெல்லாம் இப்ப என்னைப் பாத்துக் கொரைக்கிறதுகூட இல்ல, அதுங்களுக்கே அலுத்துப்போச்சு. இங்க வந்தா ஜன்னல் இல்லாத ரூம்பு. நல்லாச் சுத்திப் பாருங்க, ஒரு ஓட்டையாவது இருக்கா? இதுக்குள்ள உக்காந்துக்கிட்டு நான், “வானம் தெளிவாகக் காணப்படுகிறது”ங்கணும். வர்ற வழியில பாத்த வானத்த மனசுல வெச்சிட்டுச் சொல்றதுதான். ஒரு நாள் நான் தெளிவான வானம்னு சொல்லிட்டிருக்கேன், கீழ டீக்கடைக்காரரு தொப்பலா நனைஞ்சு மேல வந்து, “அக்கா, கொஞ்சம் எட்டிப் பாத்துட்டுச் சொல்லக் கூடாதா?”ங்கறாரு.

அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேப்பர் படிக்கிறாரே, அவருதான் இன்ஜினியர் அண்ணன். என்கூட இத்தன வருஷமா வேல பாக்குறாரு, நான் என்ன சொல்றேன்னு ஒரு நாள் காது குடுத்துக் கேட்டதில்ல. அவருக்கு அந்த மெஷின்ல முள்ளு ஆடணும். அவ்வளவுதான். நான் வாழ்த்தினாலும் முள்ளு ஆடும், நான் வஞ்சாலும் ஆடும். ஒரு தடவ செய்தி முடிஞ்சு எனக்கு விக்கல் எடுத்துக்கிச்சு. விக்கி விக்கியே பாட்டு பேரு, பாடினவங்க பேரு எல்லாம் சொன்னேன். வெளிய போனதும் கேட்டேன், எப்படிண்ணே இருந்துச்சுன்னு. “இன்னைக்கு முள்ளு பிரமாதம்மா”ங்கறாரு!

வீட்ல மட்டும் என்ன வாழுது? எங்க மாமியாருக்கு ரேடியோன்னா உசுரு. அடுப்படியில அத வெச்சுக்கிட்டு, “எவ்வளவு பணிவாப் பேசுது பாரு, வளர்ந்த எடம் அப்படி”ம்பாங்க. அத்த, அது நான்தானேன்னு சொன்னா, “அது வேற”ன்னுடுவாங்க. ரேடியோல நான் வணக்கம் சொன்னா அங்க பதில் வணக்கம் சொல்வாங்க. வீட்டுக்குள்ள நொழைஞ்சு நேர்ல சொன்னா ஒரு உம் கூடக் கெடையாது.

நான் எங்க விட்டேன்? ஆங்… அந்த டிரைவர்.

நல்ல மனுஷன் சார் அவரு. எனக்குத் தெரியும். எப்படின்னா… நம்ம தெருதான். பஸ்ஸ உருட்டுவாரு பாருங்க, தொட்டில் மாதிரி. பள்ளம் வந்தா, பின்னாடி கைக்குழந்தையோட யாராவது உக்காந்திருக்காங்களான்னு கண்ணாடியில பாத்துட்டுத்தான் எறக்குவாரு. யாராவது ஓடி வந்தா நிறுத்துவாரு. அப்படி ஒரு மனுஷனப் போயி, கீழ நின்னுக்கிட்டு தூங்குமூஞ்சின்னா… தூங்குமூஞ்சிதான். இல்லேங்கல. ஆனா அத நான் சொல்லலாம், அந்தம்மா சொல்லலாமா?

ஏன்னா… ஒரே தெருன்னு சொன்னேன்ல? ஒரே வீடு சார். என் வீட்டுக்காரரு.

இப்படித் திரும்பிப் பாக்காதீங்க, நாற்காலி கத்துது. இருங்க, பாட்டு முடியப் போகுது. அப்படியே செலையாட்டம் இருங்க.

“இப்போது நேரம் ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடம். பேருந்தில் ஒரு ஜோடிப் பல்செட் கண்டெடுக்கப்பட்டுள்ளது. தவறவிட்டவர் அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளலாம். தொடர்ந்து கேளுங்கள்.”

பல்லுக்கு என்ன சார் அடையாளம் சொல்லுவாங்க? சிரிச்சுக் காட்டவும் முடியாது. எழுதிக் குடுக்குறாங்க, படிக்கிறேன்… ஏன் சார் வாட்சக் காதுல வெச்சுப் பாக்குறீங்க? ஓடுது ஓடுது. உங்க வாட்சுக்கு ஒண்ணும் ஆகல.

என் வீட்டுக்காரரப் பத்திச் சொன்னேன்ல. காலையில அவரு எழுந்து பொறப்படுறத நீங்க ஒரு நாள் பாக்கணும். பாத்தா மனு குடுத்தவங்க பக்கம் சேந்துடுவீங்க. மொதல்ல கட்டில் ஓரத்துல உக்காந்து ஒரு கால் சாக்ஸப் போடுவாரு. அப்புறம் இன்னொரு சாக்ஸக் கையில வெச்சுக்கிட்டு யோசிப்பாரு. என்ன யோசன? யாருக்கும் தெரியாது. அப்படியே பேப்பரு வரும். பேப்பர எடுத்துட்டு பாத்ரூம் போவாரு. உள்ள போனா, அங்க ஒரு நாடாளுமன்றமே நடக்கும். வெளிய வந்து தல வாருவாரு. இருக்கிறது நாலு முடி, அதுல ரெண்ட இடது பக்கம், ரெண்ட வலது பக்கம். பிடிக்கலேன்னா மறுபடி மாத்தி வாருவாரு. நான் வீட்ல இருந்தாப் பிடிச்சுத் தள்ளி விடலாம். அவரு கண்ணு முழிக்கிறதுக்குள்ள நான் இங்க வந்து உக்காந்து ஊருக்கெல்லாம் இனிய காலை சொல்லிட்டிருக்கேனே!

அதான் அந்த இல்லக் குறிப்பு. தலை வாரும் நேரம், அடுப்புல பால், எல்லாம் ஒரே ஒருத்தருக்கு. இல்லக் குறிப்புன்னா எங்க இல்லத்துக் குறிப்பு சார். போன வாரம், “நீல நிறக் காலுறைகள் கொடியிலேயே கிடக்கின்றனவா என்று பாருங்கள்”னு சொல்லிட்டேன். அன்னைக்கு ஊர்ல எத்தன பேரு கொடியில போயி நீலச் சாக்ஸத் தேடினாங்களோ! ஒரு அம்மா போன் பண்ணி, “எங்க வீட்ல பச்சைதாம்மா இருக்கு, பரவால்லையா?”ன்னு கேட்டாங்க.

சரி, கேளுங்க. டிப்போவுல இவருக்கு ரெண்டு மெமோ ஆயிடுச்சு. உண்மையாவே லேட்டாப் போயி வாங்கின மெமோ, அதுல தப்பே சொல்ல மாட்டேன். மூணாவது வந்தா மலைக்கு அந்தாண்ட டிப்போன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க. அங்க போனா வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. நான் இந்த வேலைய விட்டுட்டுப் பின்னாடியே போகவா? நான் இங்க நிரந்தரமும் இல்ல, அன்னன்னைக்குக் கூப்பிட்டா வர்ற அறிவிப்பாளரு. விட்டா அப்புறம் கூப்பிட மாட்டாங்க. இந்த மாமியார நான் பாத்துக்கணும், பொண்ணு படிக்குது… என்ன பண்றது?

கையில வாட்ச் கட்டுய்யான்னா, அரிக்குதாம். வீட்டுச் சுவர்க் கடியாரத்தப் பத்து நிமிஷம் முன்னாடி திருகி வெச்சேன். ஒரு நாள் ஓடினாரு. ரெண்டாவது நாள் கண்டுபிடிச்சுட்டாரு. அப்புறம் கடியாரத்தப் பாத்து, பத்தக் கழிச்சு, கழிச்சதுல இன்னும் கொஞ்சம் கழிச்சு, முன்னவிட நிதானமாப் போறாரு! கணக்குல மட்டும் அப்படி ஒரு சுறுசுறுப்பு. பொண்ண விட்டு எழுப்பச் சொன்னேன். அது அப்பனுக்கு மேல தூங்குது. அவங்க அம்மாவ விட்டு வெரட்டச் சொன்னா, “புள்ள ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டும்”ங்கறாங்க. எல்லா வழியும் அடைச்சுப் போச்சு. அவரு நம்புறது ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு…

இருங்க, வந்துட்டேன்.

“இப்போது நேரம் ஏழு மணி நாற்பத்தேழு நிமிடம். இந்தப் பாடலுக்குப் பின், ‘மக்கள் குறை, நேரடி பதில்’ நிகழ்ச்சியில் பேருந்துப் பணிமனையின் மேலாளர் உங்களோடு பேசவிருக்கிறார். காத்திருங்கள்.”

…

உங்க வாட்ச்ல என்ன? நாப்பத்திரெண்டா? கரெக்டுதான் சார். உங்க வாட்ச்தான் கரெக்டு.

அஞ்சு நிமிஷம். நான்தான்.

மொறைக்காதீங்க, சொல்லிடுறேன். பாட்டு கொஞ்சம் பெரிய பாட்டாத்தான் போட்டிருக்கேன். எங்க வேலையில எப்படின்னா, ஏழு மணிச் செய்தி தலைமை நிலையத்துலேருந்து பீப் பீப்னு மணி அடிச்சுக்கிட்டு வரும். எட்டு மணிக்கும் அதே மாதிரி வரும். அது ரெண்டுலயும் யாரும் கை வைக்க முடியாது, கடவுளே வந்தாலும் முடியாது. ஆனா நடுவுல இருக்கிற நேரம் இருக்கே, அது என்னோடது. நான் சொன்னாத்தான் ஊருக்கு மணி. செய்தி முடிஞ்சதும் ஒரு பாட்டுக்கு ஒரு நிமிஷம் சேப்பேன். ஒரே அடியாச் சேக்கக் கூடாது, கொழம்புல உப்பு மாதிரி, பாத்துப் பாத்து. ஏழரைக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சேந்துடும். வீட்ல அவரு, “ஐயோ மணியாச்சே”ன்னு ரெண்டாவது சாக்ஸ மாட்டிட்டு ஓடுவாரு. டிப்போ கேன்டீன்லயும் ரேடியோ ஓடும், அங்க நின்னு கத பேசுற ஆளு, அதனால பஸ்ஸு கெளம்புற வரைக்கும் விட மாட்டேன். கெளம்பினதும், அஞ்சையும் எட்டு மணிக்குள்ள திருப்பிக் குடுத்தாகணுமே! மெதுவா மெதுவா பிரேக் போடுவேன். ரெண்டு நிமிஷத்த மூணா இழுப்பேன், மூண நாலா இழுப்பேன். எட்டடிக்கும்போது நானும் தலைமை நிலையமும் ஒண்ணாப் போயி நிப்போம். ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. இதுல ஒரே ஒரு சட்டம்தான் சார். நேரம் வேகமாப் போகலாம், நொண்டி நொண்டியும் போகலாம், பின்னாடி மட்டும் போகக் கூடாது. பின்னாடி போனா அன்னைக்கே மாட்டிக்குவோம்.

இந்த ஊர் வாட்ச் கடைக்காரரு என் படத்த மாட்டிக் கும்பிடணும். ஏழரைக்கு என்னைக் கேட்டு வாட்சத் திருகுறாங்க. எட்டு மணிச் செய்திக்கு மறுபடி திருகுறாங்க. அப்புறம், “வாட்ச் கெட்டுப்போச்சு”ன்னு அவர்கிட்ட ஓடுறாங்க. கடைய இடிச்சுப் பெருசாக் கட்டுறாரு மனுஷன்!

நீங்ககூட, வீடு அமையாமத் தங்கியிருக்கிற லாட்ஜுல, என் ரேடியோவக் கேட்டுட்டுத்தானே பொறப்பட்டீங்க? அதான் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே கீழ வந்து நின்னீங்க. நான் மனசுக்குள்ள சிரிச்சேன். மன்னிச்சுக்குங்க.

ஆனா பலன் இருந்துச்சு சார். அன்னையிலேருந்து அவரு ஒரு நாள் லேட்டில்ல. உங்க டைம் கீப்பர் எழுதினதெல்லாம் நெசம். ஒரு எழுத்து பொய்யில்ல. அந்த மனுஷனோட கடியாரம் உங்க தலைமை ஆபீஸ்ல குடுத்தது, அதுக்கு என் குரல் எட்டாது. பஸ்ஸு கெளம்புறது நேரத்துக்கு. கீழ டீக்கடை வாசல்ல வந்து நிக்கிறது ஏழே முக்காலுக்கு, டாண்ணு. ஆனா டீக்கடையில ஓடுறது என் ரேடியோ. அதுல அப்ப மணி கிட்டத்தட்ட ஏழு அம்பது ஆயிருக்கும். ஊரே அந்த மணிய நம்பி முன்னாடியே வந்து நிக்குது. நிக்கிறவங்களுக்கு பஸ்ஸு லேட்டாத்தானே தெரியும்? நான் என்னத்தக் கண்டேன்… என் வீட்ல ஒருத்தர எழுப்புறதா நெனச்சேன், இத்தன பேரு சேந்து முழிச்சுக்குவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல!

இதுல பெரிய கூத்து என்னன்னா, அவருக்கு இது தெரியாது. தானாத் திருந்திட்டதா நெனச்சுக்கிட்டிருக்காரு. சாப்பிடும்போது நெஞ்ச நிமித்திக்கிட்டு பொண்ணுக்குப் புத்தி சொல்றாரு, “ஒழுக்கம்னா அப்பாவப் பாத்துக் கத்துக்கணும்”னு. எனக்குச் சோறு எறங்குமா? தண்ணியக் குடிச்சுக் குடிச்சு முழுங்குறேன்.

அப்படி இருந்தவரு… நேத்து சாயங்காலம் வந்தாரு, செருப்பக்கூடக் கழட்டல, வாசப்படியிலயே உக்காந்துட்டாரு. என்னங்கன்னு கேட்டா, “ஏறும்போது எல்லாரும் வாட்சத்தான் பாக்குறாங்க, ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல”ங்கறாரு. முன்னாடியெல்லாம் ஒரு பாட்டி கைல முட்டாயி குடுத்துட்டுத்தான் ஏறுமாம். அதுவும் இப்ப குடுக்கிறதில்லையாம். “நான் நேரத்துக்குத்தானே போறேன்? நீயே ரேடியோவுல சொல்றியே, அதக் கேட்டுத்தானே பொறப்படுறேன்?”னு என்னையே கேக்குறாரு சார். உள்ள போயி அடுப்பப் பத்த வெச்சேன். பத்த வெச்சு, மேல ஒண்ணும் வெக்காம, சும்மாப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அந்த டைம் கீப்பர நான் பாத்ததுகூட இல்ல. அவருக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கயும் ஒருத்தி இருப்பா.

இப்ப நான் என்ன பண்ணணுங்கறீங்க? சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க, தொண்ட… பாட்ட மாத்திப் போட்டா மன்னிப்பு கேக்கலாம். ஒரு பெரிய மனுஷரு பேரத் தப்பாச் சொன்னாலும் ஒரு வருத்தம் தெரிவிச்சா முடிஞ்சுது. நேரத்தத் தப்பாச் சொன்னா மட்டும் பைய எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டைரக்டரு ஒரு பேச்சுப் பேச மாட்டாரு, ஆளத்தான் மாத்துவாரு. அந்த ஆளும் எனக்குத் தெரியும், மூக்காலயே பேசுவா. அந்த மூக்க எங்க மாமியாரு தாங்குவாங்களா?

நீங்க பெரிய மனசு பண்ணி… இப்படிச் செய்யலாமே. இன்னைக்கு எதையும் அறிவிக்காதீங்க. ‘விசாரிக்கிறோம்’னு சொல்லுங்க. ரேடியோவுல வர்றவங்க எல்லாரும் அதத்தானே சொல்றாங்க? நாளையிலேருந்து நான் தெனம் ஒரு நிமிஷம் கொறச்சுக் கொறச்சு ஒரு வாரத்துல நேராக்கிடுறேன். யாருக்கும் தெரியாது. ஊருக்கு ஒண்ணும் ஆகாது. அவரு மறுபடி லேட்டாகி… ஆமா. மூணாவது மெமோ. அதுவும் இருக்கு.

மறுபடி வாட்சையே பாக்குறீங்களே சார். சரி, நான்தான் பேச வேண்டாம்னேன்.

பாருங்க, இன்ஜினியர் அண்ணன் பேப்பர மடிக்கிறாரு. பாட்டு முடியப் போகுதுன்னு அர்த்தம். இப்ப நான் அம்பதுக்குப் பதிலா நாப்பத்தொம்பதுன்னு சொல்லணும். இங்கதான் மொத பிரேக். சொல்லிட்டு, உங்களுக்கு வணக்கம் சொல்வேன், நீங்களும் பதிலுக்கு வணக்கம்னு… சார், அசையாதீங்க. நாற்காலி… சார்! எதுக்கு இப்ப வாட்சக் கழட்டுறீங்க? இங்க எதுக்கு வெக்கிறீங்க, என் மைக்குக்குக் கீழ? தெரியுது, எனக்குத் தெரியுது, முள்ளு எங்க நிக்குதுன்னு எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. நாப்பத்தேழுன்னு சொன்ன இதே வாயால நான் எப்படி… பின்னாடி போகக் கூடாது சார், சொன்னேன்ல, அது ஒண்ணு மட்டும் கூடாதுன்னு… திருப்பாதீங்க, என் பக்கம் திருப்பாதீங்க. ஐயோ, அண்ணன் கையத் தூக்கிட்டாரு. விளக்கு…

“வணக்கம் நேயர்களே.

இப்போது நேரம்…

ஏழு மணி நாற்பத்தைந்து நிமிடம்.”